அலுமினியக் குக்கர், ஈயச்சொம்பு, ஜிங்க் கேப்ஸ்யூல்: வயதானவர் மூளைக்கு எதில் ஆபத்து?

கல்சட்டி:

"அலுமினியப் பாத்திரத்தை இன்றே தூக்கி எறியுங்கள், மறதி நோய் வரும்" என்ற வாட்ஸப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. போன தடவை அது வந்தபோது இங்கே நாற்பது பதில் வந்தது, ஒன்றில்கூட ஒரு எண் இல்லை. இந்த முறை ஒழுங்காகப் பேசிவிடலாம்.

கேள்வி இதுதான். எழுபது தாண்டிய இருவர் இருக்கும் சாதாரண வீடு. அடுப்படியில் அலுமினியக் குக்கர், ரசத்துக்கு ஈயச்சொம்பு, தண்ணீருக்குச் செம்புக் குடம், பித்தளை காபி பில்டர். மருந்து டப்பாவில் வயிற்றெரிச்சலுக்கு ஜெல், "இம்யூனிட்டிக்கு" ஜிங்க் கேப்ஸ்யூல், பிரஷர் மாத்திரை. சாப்பாட்டு மேஜையில் லோ சோடியம் உப்பு. இதில் முதலில் எதில் கை வைக்க வேண்டும்? அளவோடு சொல்லுங்கள். "நச்சு நீக்கம்" என்ற சொல்லோடு வருபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகலாம்.

நெஃப்ரான்:

பழி முழுக்க அலுமினியத்தின் மேல் விழுந்திருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1965ல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பு செல்களுக்குள் நார்ச்சுருள்கள் உண்டாயின. அல்சைமர் மூளையில் காணும் சுருள்கள் இவைதானோ என்ற சந்தேகம் அன்று பிறந்தது. மின்நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டின் அமைப்பும் வேறு, ஆனால் சந்தேகம் போகவில்லை. 1970களில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பேச்சு தடுமாறி, கைகால் உதறி, வலிப்பு வந்து, சில மாதங்களில் இறப்பு வரை போனது. மூளையில் அலுமினியம் ஏறியிருந்தது 1976ல் வெளியானது. படிகாரம் போட்டுத் தெளிவாக்கிய குழாய்த் தண்ணீர் டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் போனது ஒரு காரணம், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கொடுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு மாத்திரை இன்னொன்று. ஒரு அமர்வில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ரத்தத்துக்கு எதிரே ஓடுகிறது, இடையில் குடல் என்ற காவல் கிடையாது. அதனால்தான் இன்று டயாலிசிஸ் தண்ணீரில் லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் அலுமினியம் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

ஆக, அலுமினியம் மூளையைக் கெடுக்கும் என்பது உண்மை. சமையல் பாத்திரம் வழியாக அந்த அளவு போகுமா என்பதுதான் கேள்வி. வாயால் போகும் அலுமினியத்தில் ரத்தத்துக்கு ஏறுவது 0.1 முதல் 0.3 சதவீதம். ஏறியதை நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008ல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மி.கி. 60 கிலோ ஆளுக்கு வாரம் 60 மி.கி.

இப்போது அந்த ஜெல் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 5 மி.லி.யில் அலுமினியம் ஹைட்ராக்சைடு 250 மி.கி. என்று இருந்தால், அதில் உலோக அலுமினியம் சுமார் 86 மி.கி. ஒரே ஸ்பூனில் வார வரம்பு தாண்டிவிட்டது. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் 1 கிராமில் சுமார் 200 மி.கி. அலுமினியம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் நான்கு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் எண்) 30க்குக் கீழே உள்ளவர் மாதக்கணக்கில் குடிப்பது வேறு கதை. அதிலும் எலுமிச்சைச் சாறு, நுரைக்கும் மாத்திரை, சிறுநீர்க் கல்லுக்குக் கொடுக்கும் சிட்ரேட் சிரப் ஆகியவற்றோடு சேர்த்தால் அவற்றில் உள்ள சிட்ரேட், அலுமினியத்தைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகும். இந்தச் சேர்க்கை கூடவே கூடாது.

தாமிரபரணி_கரை:

@நெஃப்ரான் சார், பிரான்ஸ் ஆய்வை விட்டுட்டீங்களே? குடிநீர் வழியா நாளுக்கு 0.1 மி.கி.க்கு மேல அலுமினியம் போனவங்ககிட்ட மறதி நோய் அதிகம்னு வந்துச்சு. அப்புறம் இங்கிலாந்துல கேமல்ஃபோர்ட்.

நெஃப்ரான்:

விடவில்லை, தட்டச்சு செய்ய நேரமாயிற்று. தென்மேற்கு பிரான்ஸின் பாகிட் ஆய்வு நீங்கள் சொல்வதுதான். தண்ணீரில் சிலிக்கா கூடுதலாக இருந்தவர்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது என்பதும் அதிலேயே வந்தது. இடிக்கிற இடம்: அதே ஆட்களுக்கு உணவு வழியாக நாளுக்குச் சில மி.கி. போகிறது. தண்ணீரின் 0.1 மட்டும் ஏன் வேலை செய்ய வேண்டும்? நீரில் கரைந்த வடிவம் எளிதாக ஏறலாம் என்கிறார்கள். மற்ற ஊர் ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் பேசவில்லை.

கேமல்ஃபோர்ட் விபத்து. 1988 ஜூலையில் கார்ன்வாலில் 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் கொட்டிவிட்டார்கள், சுமார் 20,000 பேர் குடிக்கும் தண்ணீரில் அது கலந்தது. அமிலத் தண்ணீர் குழாய்களை அரித்துச் செம்பையும் காரீயத்தையும் (லெட்) சேர்த்துக் கொண்டுவந்தது. அதை வைத்துக் குக்கரைத் தீர்ப்பிட முடியாது.

2024ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, காற்று மாசு எல்லாம் உண்டு. அலுமினியப் பாத்திரம் இல்லை. குக்கர் மாற்றும் காசில் காது மெஷினுக்கு பேட்டரி வாங்குங்கள் என்பேன்.

உலைக்களம்:

டாக்டர் சொன்னதில் ஒரு திருத்தம் கிடையாது, ஒரு சேர்ப்பு. அலுமினியப் பாத்திரத்தில் பயப்பட வேண்டியது அலுமினியத்துக்கே இல்லை, அதோடு உருகி வந்த காரீயத்துக்கு.

தகட்டை அழுத்தி வடிக்கும் குக்கர் ஒரு ரகம், தகடு உருக்காலையில் இருந்து கலவை தெரிந்து வருகிறது. பழைய எஞ்சின் பாகம், ரேடியேட்டர், டப்பா, கம்பி என்று கைக்குக் கிடைத்ததை உருக்கி வார்க்கும் பாத்திரம் இன்னொரு ரகம். ஹிண்டாலியம், இண்டாலியம் என்ற பெயரில் விற்பதில் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டிலை ஒட்டிய கிங் கவுன்ட்டி சுகாதாரத் துறை, ஆப்கன் அகதிக் குடும்பத்துக் குழந்தைகள் ரத்தத்தில் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய் அவர்கள் வீட்டு அலுமினியப் பாத்திரத்திலும் பிரஷர் குக்கரிலும் வந்து நின்றது. அது 2022ல் வெளியானது. 2025 ஆகஸ்டில் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஹிண்டாலியம், இண்டாலியம் பெயரைச் சொல்லியே எச்சரிக்கை விட்டது.

கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. ஆனால் எடைக்கு விற்கும், முத்திரை இல்லாத, உள்பக்கம் மணல் வார்ப்பின் சொரசொரப்பும் பொடித் துளையும் தெரிகிற கனத்த வாணலியில் புளிக்குழம்பு கொதிக்க வைக்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குக்கரில் பருப்பு வேகட்டும்.

குக்கர் உள்ளே கறுத்துப் போகிறது என்று புளி போட்டுக் கொதிக்க வைத்து, கம்பி நாரால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். அந்தக் கறுப்புதான் பாத்திரத்தின் சட்டை. வெந்நீரில் உலோகத்தின் மேல் கட்டும் ஆக்சைடு படலம் அது, கெட்டியான படலத்தில் கசிவு குறைவு. புளி அதைக் கரைத்து வெறும் உலோகத்தைத் திறந்து விடுகிறது. அடுத்த இரண்டு மூன்று சமையலில் கசிவு கூடும். அதே சமயம், குக்கர் அடித்தண்ணீரில் எலுமிச்சைத் தோலோ புளித் துண்டோ போட்டு, உள்பாத்திரத்தில் சோறு வைக்கும் பழக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை.

கல்சட்டி:

சரி, ஈயச்சொம்பு? ஈயம் என்றாலே லெட் என்று பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள்.

உலைக்களம்:

பெயர்க் குழப்பம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அதாவது டின். தூய வெள்ளீயத்தால் கெடுதல் என்று சொல்ல ஒன்றுமில்லை. கலப்படம் இருந்தால்தான் தொல்லை. காரீயம் மலிவு, கனம், பார்க்க அதே சாம்பல் வெள்ளை.

வீட்டுச் சோதனை ஒன்று சொல்கிறேன். 1 கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு போதும்.

சொம்பை எடை போடுங்கள். 800 கிராம் என்று வையுங்கள். அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யமாக்குங்கள். சொம்பை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாமல் கையால் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், சொம்பு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 800ஐ அதால் வகுத்தால் அடர்த்தி. 110 காட்டினால் 7.27, வெள்ளீயம் (புத்தகத்தில் 7.3). 100 காட்டினால் அடர்த்தி 8.0, கலவையில் நாலில் ஒரு பங்கு காரீயம். சுத்தக் காரீயம் 11.34.

குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி கூடுதலாகக் காட்டி வீணாகப் பயமுறுத்தும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகம்_பி:

@உலைக்களம் கடைசி வரி தலைகீழ். குமிழியும் தண்ணீரை ஒதுக்கும், அதனால் தராசு எண் கூடி, அடர்த்தி குறைவாக வரும். காரீயம் கலந்த சொம்பு நல்ல சொம்பு மாதிரித் தெரிந்துவிடும். தவறு ஆபத்தான பக்கம் சாய்கிறது. சொம்பைத் தண்ணீருக்குள் சாய்த்து உருட்டி, கழுத்துக்குள் தங்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது.

இன்னொன்று, 5 சதவீதம் காரீயம் கலந்தால் அடர்த்தி 7.43. உங்கள் 800 கிராம் சொம்பில் அது தராசில் 2 கிராம் வித்தியாசம்தான். அதற்குக் கீழே இந்த முறைக்குக் கண் தெரியாது. அரை சதவீதக் காரீயமும் புளிச்சாற்றில் கசியும். அடர்த்திச் சோதனையில் தோற்ற சொம்பை ஒதுக்கலாம், தேறிய சொம்பு சுத்தம் என்று முத்திரை குத்தக் கூடாது. பெரிய ஊர்களில் தங்கம் சோதிக்கும் எக்ஸ்-ரே கருவி வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிலரிடம் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் படிக்கும் அமைப்பு உண்டு. அடியில் ஒரு இடம், வாய் விளிம்பில் ஒரு இடம், ஒட்டு இருந்தால் ஒட்டின் மேல் ஒரு இடம். ஒட்டில்தான் பற்றவைக்கும் ஈயம் இருக்கும்.

உலைக்களம்:

ஒப்புக்கொள்கிறேன், தலைகீழாக எழுதிவிட்டேன். மேலே திருத்தாமல் விடுகிறேன், படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.

சொம்பு உருகுவதைப் பற்றி: வெள்ளீயம் உருகும் வெப்பம் 232 டிகிரி. ரசம் உள்ளே இருக்கும்வரை சுவர் நூறைச் சுற்றியே நிற்கும். காலியாக அடுப்பில் வைத்தால் ஒரு நிமிடத்தில் அடி ஓட்டை. தீநாக்கு பக்கவாட்டில் ரச மட்டத்துக்கு மேலே தொடக் கூடாது. நுரை கூடும்போது இறக்கிவிட வேண்டும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து கொட்டுங்கள், கடுகு வெடிக்கும் எண்ணெய் 200ஐத் தொடும்.

பட்டறை_மணி:

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறதைப் பத்தி யாரும் பேசலையே. வம்பே அங்கதான்.

பாத்திரத்தைப் புளி, மணல் போட்டுத் தேய்ச்சு, கரி அடுப்புல காய வெச்சு, நவச்சாரப் பொடி தூவி, ஈயக் கட்டியைத் தொட்டு, பஞ்சால ஒரே இழுப்பா இழுப்பாங்க. கட்டி சுத்த வெள்ளீயமா இருந்தா 232 டிகிரி வரைக்கும் சூடு ஏத்தணும், பதம் தப்பினா திட்டுத்திட்டா நிக்கும். ரேடியோ ரிப்பேர்ல பத்தவைக்கிற ஈயக்கம்பி, அறுபது பங்கு வெள்ளீயம் நாப்பது பங்கு காரீயம், 183லயே இளகி அழகா ஓடும். விலையும் கம்மி. வேலை சுலபம், மினுமினுப்பும் வரும், அதனால ஆள் அந்தப் பக்கம் சாயறான். வேணும்னு விஷம் வைக்கிறதில்லை, பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது.

வழி ஒண்ணுதான். 99.9 சதவீத வெள்ளீயக் கட்டியை உலோகக் கடையில பில்லோட நீங்களே வாங்கிக் கொடுத்து, கண் முன்னால பூசச் சொல்லணும். புகையில நிக்காதீங்க, நவச்சாரப் புகை நெஞ்சைப் பிடிக்கும். பூசின பாத்திரத்துல முதல்ல ரெண்டு தடவை புளித்தண்ணி கொதிக்க வெச்சுக் கொட்டிடுங்க.

நெஃப்ரான்:

காரீயம் வயதானவருக்கு ஏன் தனிப் பிரச்சினை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஒரு மாதம் சொச்சம். உடலில் உள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கே அரை ஆயுள் பத்தாண்டுக் கணக்கு. இந்தியாவில் காரீய பெட்ரோல் நின்றது 2000ல். இன்று எழுபதில் இருப்பவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்தப் புகையைச் சுவாசித்தவர். மாதவிடாய் நின்ற பிறகும், எலும்பு தேயும்போதும், எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கும்போதும் அந்தப் பழைய சரக்கு ரத்தத்துக்குத் திரும்புகிறது. பாஸ்டனில் முன்னாள் ராணுவத்தினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த முதுமை ஆய்வில், எலும்பில் காரீயம் கூடுதலாக இருந்தவர்களின் நினைவாற்றல் வேகமாக இறங்கியது.

ஆகவே எலும்பைக் காப்பதே ஒரு வகையில் மூளையைக் காப்பது. கால்சியம், வைட்டமின் டி, நடை. இன்னொரு பக்கம், இரும்புச்சத்து குறைந்த குடல் இரும்பை இழுக்கும் வாயில்களைக் கூட்டிக்கொள்ளும். அந்த வாயில் இரும்பு, காட்மியம், மாங்கனீசு என்று ஆள் பார்த்து விடுவதில்லை. ரத்தசோகை உள்ளவருக்கு அதே சாப்பாட்டில் இருந்து காரீயமும் கூடுதலாக ஏறும்.

மஞ்சக்கொம்பு:

காரீயம் பேசினால் மஞ்சளை விடக் கூடாது. விரலி மஞ்சளுக்கு மெருகேற்றும்போது லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயம் பூசுவது பழைய ஊழல். வங்கதேசத்தில் 2019ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் தெரிந்தது. அரசு ஆலைகளில் கை வைத்த பிறகு 2021ல் அது பூஜ்யம். மனது வைத்தால் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்திய வரம்பு மஞ்சளுக்கு 10 பி.பி.எம்., அதாவது கிராமுக்கு 10 மைக்ரோகிராம். நாளுக்கு 2 கிராம் போட்டால் வரம்புக்குள் இருக்கும் மஞ்சளே 20 மைக்ரோகிராம் காரீயம் தரலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் குறியீடு நாளுக்கு 8.8 மைக்ரோகிராம். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். "மூளைக்கு நல்லது" என்று தினம் இரண்டு ஸ்பூன் மஞ்சள் பால் குடிப்பவர்கள் குறிப்பாக.

முழு மஞ்சளை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே பளிச்சென்று மஞ்சளாகக் கரைந்து இறங்கினால் சந்தேகப்படலாம். நல்ல விரலி, மேல் தோல் மங்கி, சொரசொரப்பாக, மண் நிறத்தில் இருக்கும். மெருகேற்றாத கொம்பை வாங்கி, கழுவிக் காயவைத்து மில்லில் அரைப்பதே மேல். பொடியாக வாங்கிவிட்டால் வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

கடற்காத்து_யாழ்:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பக்கம் வயசு போன ஆக்களுக்குச் சுறா வறை நல்லது எண்டு கிழமையில ரெண்டு மூண்டு தரம் குடுக்கிறவை. பாதரசம் பற்றி ஆராவது சொல்லுங்கோ.

ஆய்வகம்_பி:

சுறா பெரிய மீனைத் தின்று நீண்ட நாள் வாழ்கிற மீன். மெத்தில் பாதரசம் சின்ன மீனில் இருந்து பெரியதுக்கு ஏறிக்கொண்டே போகும். மத்தி (உங்கள் சாளை), நெத்தலி, கும்பளா மாதிரிச் சின்ன மீன்களில் மிகக் குறைவு, ஒமேகா கொழுப்போ அவற்றில்தான் கூடுதல். சுறா, தளப்பத்து, பெரிய சூரை, முழு வளர்ச்சி அடைந்த வஞ்சிரம் (அறக்குளா) மாதத்துக்கு ஓரிரு முறை.

கணக்கு: பன்னாட்டு வரம்பு வாரத்துக்குக் கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 55 கிலோ அம்மாவுக்கு 88. கிலோவுக்கு 0.5 மி.கி. இருக்கும் சுறாத் துண்டு 150 கிராம் என்றால் 75 மைக்ரோகிராம். ஒரு தரத்திலேயே கிட்டத்தட்ட முடிந்தது. வறுத்தாலும், அவித்துத் தண்ணீரை ஊற்றினாலும் அது போகாது, சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. சுறா வறையின் பக்குவத்தை நெத்தலியில் செய்யச் சொன்னால் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

கடற்காத்து_யாழ்:

அடிக்க வரேல்ல. சாளைப் பொரியலுக்கு மாறச் சொல்லிப் பாக்கிறன்.

மாத்திரைப்பெட்டி:

மருந்தாளுநர் பக்கத்தில் இருந்து. கல்சட்டி ஐயா வைத்த பட்டியலில் எனக்கு முதலில் உறுத்துவது ஜிங்க் கேப்ஸ்யூல்.

பெட்டியில் "ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி." என்றிருந்தால் அதில் துத்தநாகம் 22.5 மி.கி. "220 மி.கி. சல்பேட்" என்ற ரகத்தில் 50 மி.கி. பெரியவர்களுக்கு நாள் உச்ச வரம்பு 40. கேப்ஸ்யூல் ஒன்று, மல்டிவைட்டமின் ஒன்று, கண் மாத்திரை ஒன்று என்று மூன்று டாக்டர் எழுதியதைக் கூட்டினால் சத்தமில்லாமல் 60, 70 போய்விடும். பல்செட் ஒட்டும் பசையிலும் சிலவற்றில் துத்தநாகம் உண்டு.

அதனால் என்ன? துத்தநாகம் கூடினால் குடல் செல்கள் தங்களுக்குள் மெட்டலோதையோனின் என்ற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும். அது செம்பைப் பிடித்துக்கொள்ளும், அந்தச் செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் செம்பு வற்றி, கால் மரத்து, இருட்டில் தள்ளாட்டம், ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு. பார்க்க அச்சாக பி12 குறைபாடு. பி12 ஊசி போட்டும் சரியாகவில்லை என்றால் சீரம் காப்பர், செருலோபிளாஸ்மின், சீரம் ஜிங்க் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஜிங்கை நிறுத்திச் செம்பு கொடுத்தால் ரத்தம் வாரங்களில் தேறும், நரம்பு முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

செம்புக் குடத்துத் தண்ணீர் அதற்கு ஈடாகுமா என்று கேட்காதீர்கள், ஆகாது. குடத்தைப் பற்றி: உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 2 மி.கி., இரவு முழுக்க வைத்த வெறும் தண்ணீர் அதன் பக்கத்தில் போகாது. மோர், எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பச்சைக் களிம்பைத் தேய்த்துவிட்டுப் பிடியுங்கள்.

தாமிரபரணி_கரை:

லோ சோடியம் உப்பு?

மாத்திரைப்பெட்டி:

நல்ல பொருள், தவறான வீட்டில் விஷம். சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சீனக் கிராமங்களில் நடந்த பெரிய சோதனையில் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது, 2021ல் வந்தது. மூளைக்கு இதைவிட உறுதியான "கனிமச் சத்து" ஆதாரம் எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும் பொட்டாசியத்தைத் தேக்கும் வகை சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. பொட்டாசியத்தைத் தேக்கும் டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர், கிரியேட்டினின் ஏறியவர், சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டுத் தொடங்கினாலும் இரண்டு வாரத்தில் பொட்டாசியம் பாருங்கள். நெஞ்சு நின்றுபோகும் விஷயம்.

எதிர்ப்பக்கம், "சோடியம் இறங்கிடுச்சு" கேஸ். திடீரென்று குழம்பிப் பேசுகிறார், பகலில் தூங்கி வழிகிறார், விழுகிறார் என்றதும் மறதி நோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயாசைடு வகை பிரஷர் மாத்திரையும் (குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயாசைடு, இண்டாபமைடு) மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் சோடியம் 135ல் இருந்து 120க்கு இறங்குவது அன்றாடம் நடக்கிறது. உப்புத் தண்ணீரைக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். மெதுவாக இறங்கிய சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10 அலகுக்கு மேல் ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதையும். ஏற்றுவது ஆஸ்பத்திரி வேலை.

ஆய்வகம்_பி:

மறதி என்று வருபவருக்கு முதல் வரிசை ரத்தப் பரிசோதனை: சோடியம், கால்சியம், கிரியேட்டினின், சர்க்கரை, டி.எஸ்.எச். (தைராய்டு), பி12, ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (இரும்பு இருப்பு). இதெல்லாம் சாதாரண லேபில் முடியும், திருத்தக்கூடியது பெரும்பாலும் இங்கேயே சிக்கும்.

உலோகம் தனியாகப் பார்ப்பதானால் முழு ரத்தத்தில் காரீயம். விரல் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசி எண்ணை ஏற்றிவிடும், கை ரத்தக்குழாயில் இருந்து, நுண்தனிமத்துக்கான தனிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரில் ஆர்சனிக் பார்ப்பதற்கு ஐந்து நாள் முன்பே மீன், இறால் நிறுத்த வேண்டும், கடல் உணவின் தீங்கில்லாத ஆர்சனிக் கணக்கைக் கெடுக்கும். எம்.ஆர்.ஐ.க்கு கடோலினியம் மருந்து ஏற்றியிருந்தால் குறைந்தது நான்கு நாள் தள்ளிப் போடுங்கள், கருவி குழம்பும்.

முடியை வெட்டி அனுப்பும் "முப்பது உலோக" பரிசோதனைக்கும், உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே சிறுநீரைப் பிடித்து "பாருங்கள் எவ்வளவு விஷம்" என்று காட்டும் பரிசோதனைக்கும் காசு கொடுக்காதீர்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் ஆரோக்கியமானவர் சிறுநீரிலும் உலோகம் கூடத்தான் செய்யும், ஒப்பிட அளவுகோலே இல்லை.

தாமிரபரணி_கரை:

அப்ப கீலேஷன் டிரிப்? "மூளையில் தேங்கிய உலோகத்தை உருவி எடுக்கிறோம்"னு பத்து அமர்வுக்கு பேக்கேஜ் போடுறாங்க.

நெஃப்ரான்:

உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் கீலேஷன், நிரூபணமான காரீய நஞ்சுக்கும், செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கும் (அங்கே மாத்திரையாக) மருந்து. மறதிக்கு இல்லை. மூளையில் இரும்பு தேங்குவது பார்க்கின்சனிலும் அல்சைமரிலும் உண்மைதான், அதை உருவினால் நல்லது என்று நினைத்து இரும்பைப் பிடிக்கும் டெஃபெரிப்ரோன் என்ற மருந்தை முறையாகச் சோதித்தார்கள். 2022ல் பார்க்கின்சன் சோதனை முடிவு: மருந்து சாப்பிட்டவர்கள் மோசமானார்கள். 2024ல் அல்சைமர் சோதனை: சிந்தனைத் திறன் வேகமாக இறங்கியது. டோபமைன் செய்வதற்கே இரும்பு வேண்டும், தேங்கியதை எடுக்கிறோம் என்று வேலை செய்யும் இரும்பையும் எடுத்துவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம்.

டிரிப்பில் வேறு ஆபத்து: கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ., டைசோடியம் ஈ.டி.டி.ஏ. என்று இரண்டு பாட்டில். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது ரத்தக் கால்சியத்தைப் பிடுங்கி இதயத்தை நிறுத்தும். 2003 முதல் 2005க்குள் அமெரிக்காவில் கீலேஷனின்போது கால்சியம் விழுந்து மூன்று பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஃபெரிட்டின் பார்க்காமல் ஆண்களுக்கு "சத்து" என்று இரும்பு டானிக் கொடுக்காதீர்கள். எழுபதில் இரும்பு குறைந்தால் முதலில் கேட்க வேண்டியது, ரத்தம் எங்கே கசிகிறது என்று. குடல் புற்று, வயிற்றுப் புண் இரண்டையும் பார்த்த பிறகுதான் டானிக்.

மாத்திரைப்பெட்டி:

இரும்பு கொடுப்பதானால் இடைவெளி முக்கியம். பார்க்கின்சன் மாத்திரை லெவோடோபாவை இரும்பு பிடித்துக்கொள்ளும், இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கு இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி. காபி, டீயோடு இரும்பு விழுங்கினால் விழுங்கியது வீண்.

மஞ்சக்கொம்பு:

லித்தியம் ஓரோடேட் என்று ஒன்று இப்போது ஆன்லைனில் ஓடுகிறதே?

நெஃப்ரான்:

2025 ஆகஸ்டில் நேச்சரில் வந்த ஹார்வர்டு ஆய்வின் வால் பிடித்து ஓடுகிறது. அல்சைமர் மூளையில் லித்தியம் குறைந்திருந்தது, எலிகளுக்கு ஓரோடேட் கொடுத்தபோது நினைவாற்றல் தேறியது. எலி. மனிதர்களில் பார்க்கும்வரை கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகமும் தைராய்டும் லித்தியத்துக்கு எளிதில் விழும். தயாசைடு, டெல்மிசார்டன், மூட்டுவலி மாத்திரை மூன்றும் லித்தியத்தை உடலில் தேக்கும். எழுபது வயது மருந்து டப்பாவில் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத வீட்டைக் காட்டுங்கள்.

கல்சட்டி:

ஆக ஜெல்லையும் ஜிங்கையும் லேபிள் பார்த்து நிறுத்தி, உப்பை டாக்டரிடம் கேட்டு, மஞ்சளைக் கொம்பாக வாங்கி, சொம்பைத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். குக்கர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பித்தளை பில்டர் மட்டும் பாக்கி.

பட்டறை_மணி:

பில்டர்ல காபி அஞ்சாறு மணி நேரம் நிக்கும், புளிப்பும் உண்டு. கடைசல் பிடிக்கச் சுலபமா இருக்கணும்னு சில பித்தளையில ரெண்டு மூணு சதவீதம் காரீயமே சேர்ப்பாங்க. உள்ளே ஈயம் பூசியிருந்தா வெள்ளையாத் தெரியும். கீழ்ப் பாத்திரத்து அடி மூலையில மஞ்சள் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சா பூச்சு போச்சுன்னு அர்த்தம், முதல்ல தேயறது அங்கதான். துளைத் தட்டையும் திருப்பிப் பாருங்க, துளை விளிம்புல பூச்சு நிக்காது. அந்த மேல் பகுதியை மட்டும் எவர்சில்வர்ல மாத்திக்கிட்டு, கீழ்ப் பாத்திரத்துக்குச் சுத்த வெள்ளீயம் பூசி வெச்சுக்கலாம். டிகாக்ஷன் இறங்கினதும் வேற பாத்திரத்துல ஊத்திடுங்க, ராத்திரி முழுக்க அதுலயே விடாதீங்க.